உதகையிலிருந்து விமானப் பயணம்: தூரத்தையும் நேரத்தையும் வீட்டு வாசலிலிருந்து கணக்கிடும் முறை

உதகையிலிருந்து சென்னைக்கு வான்வழித் தூரம் எவ்வளவு என்று கைப்பேசியிடம் கேட்டால், ஏறத்தாழ 430 கி.மீ., பறக்கும் நேரம் அரை மணிக்குச் சற்று மேல் என்று விடை வரும். கணக்கில் பிழை இல்லை; ஆனால் உதகையில் விமான நிலையம் இல்லை. மலையில் இருப்பவர் விமானத்தில் ஏற வேண்டுமானால் முதலில் சமவெளிக்கு இறங்க வேண்டும், அந்த இறக்கம்தான் பல சமயங்களில் பறக்கும் நேரத்தைவிட நீளமானது. ஆகவே இரண்டு நகரங்களுக்கு இடையிலான தூரத்தையும் நேரத்தையும் நாமே கணக்கிடும் முறையை, நீலகிரியில் குடியிருப்பவரின் நிலையிலிருந்து இங்கே படிப்படியாக விளக்குகிறேன். பள்ளிக்கூடக் கணிதமும் கைப்பேசியில் உள்ள கால்குலேட்டரும் போதும்.

படி 1: உங்களுக்குரிய விமான நிலையத்தை முடிவு செய்தல்

உதகை, குன்னூர், கோத்தகிரி மக்களுக்குக் கோவை பீளமேட்டில் உள்ள விமான நிலையமே இயல்பான தேர்வு. கூடலூர், பந்தலூர்ப் பகுதியினர் நாடுகாணி வழியாக நிலம்பூருக்கு இறங்கிக் கோழிக்கோட்டின் கரிப்பூர் நிலையத்துக்குச் செல்வது பெரும்பாலும் எளிது. வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்கள் அதையே நாடுகிறார்கள். பெங்களூரில் விமானங்கள் அதிகம் என்பதற்காக அங்கே போக நினைப்பவர்கள், முதுமலை, பந்திப்பூர் காட்டுச் சாலைகள் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்பட்டிருக்கும் என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். அதிகாலை விமானத்துக்கு அந்த வழி உதவாது. இனி வரும் கணக்குகள் கோவையை வைத்தே அமைகின்றன.

படி 2: நேர்க்கோட்டுத் தூரம்

ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் அட்சரேகை எண்ணும் ஒரு தீர்க்கரேகை எண்ணும் உண்டு. கைப்பேசி வரைபடத்தில் ஓர் இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் அந்த இரண்டு எண்களும் தெரியும். கோவை விமான நிலையத்துக்கு 11.03 வடக்கு, 77.04 கிழக்கு. தில்லி விமான நிலையத்துக்கு 28.57 வடக்கு, 77.10 கிழக்கு.

இந்த இரண்டு வரிகளையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். இரண்டாவது எண் இரு ஊர்களுக்கும் கிட்டத்தட்ட ஒன்றே. அதாவது தில்லி நமக்கு நேர் வடக்கே இருக்கிறது. பீளமேட்டில் நின்று வடக்கு நோக்கி விலகாமல் பறந்தால் தில்லிக்கு மிக அருகிலேயே போய் இறங்கலாம். கணக்கைக் கற்றுக்கொள்ள இதைவிட வசதியான சோடி கிடைக்காது. ஒரு பாகை அட்சரேகைக்கு ஏறத்தாழ 111 கி.மீ. நிலநடுக்கோட்டிலிருந்து துருவம் வரையிலான தூரத்தைப் பத்தாயிரம் கி.மீ. என்று கொண்டுதான் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் மீட்டர் என்ற அளவையே வகுத்தார்கள். அதைத் தொண்ணூறு பாகைகளால் வகுத்தால் 111 வந்துவிடும். இனி 28.57இலிருந்து 11.03ஐக் கழித்தால் 17.54, அதை 111ஆல் பெருக்கினால் 1,947 கி.மீ. பூமி துருவங்களில் சற்றே தட்டையானது என்பதால் நம் பக்கத்துப் பாகைகள் சில நூறு மீட்டர் குறுகியவை. நுட்பமாகக் கணக்கிட்டால் இந்த விடையில் சில கி.மீ. குறையும், அவ்வளவே.

ஒரு பாகையின் நீளத்தை அளப்பதற்காகவே இந்த மண்ணில் ஒருவர் பல ஆண்டுகள் சங்கிலி பிடித்து நடந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வில்லியம் லாம்டன் 1802இல் சென்னையில் புனித தோமையார் மலைக்கு அருகே அடிக்கோடு (மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமான முதல் கோடு) அளந்து தொடங்கிய நில அளவைதான், பின்னர் தென்முனையிலிருந்து இமயம் வரை பூமியின் வளைவை அளந்து நீண்ட பெரு வில்லாக வளர்ந்தது. அவர் ஆண்டுக்கணக்கில் தேடிய எண்ணை நாம் ஒரு பெருக்கலில் பயன்படுத்திக்கொள்கிறோம்.

சென்னை நேர் வடக்கிலோ நேர் கிழக்கிலோ இல்லை, வடகிழக்காகச் சாய்ந்திருக்கிறது. இங்கே ஒரு சிறு கூடுதல் வேலை உண்டு. உரித்த ஆரஞ்சுப் பழத்தின் சுளைகள் நடுவில் அகன்றும் இரு முனைகளிலும் ஒடுங்கியும் இருப்பதைப் போல, தீர்க்கரேகைகளுக்கு இடையிலான தூரம் நிலநடுக்கோட்டில் 111 கி.மீ. ஆக இருந்து, வடக்கே போகப் போகக் குறைந்துகொண்டே வரும். எவ்வளவு குறையும் என்பதை அந்த இடத்து அட்சரேகையின் கொசைன் மதிப்பு சொல்லிவிடும். கோவைக்கும் சென்னைக்கும் நடுவே அட்சரேகை 12 என்று கொள்வோம். அதன் கொசைன் 0.978, ஆகவே இங்கே ஒரு பாகைத் தீர்க்கரேகைக்கு ஏறத்தாழ 109 கி.மீ.

சென்னை விமான நிலையம் 12.99 வடக்கு, 80.17 கிழக்கு. வடக்கு நோக்கிய வேறுபாடு 1.96 பாகை, அதாவது 218 கி.மீ. கிழக்கு நோக்கிய வேறுபாடு 3.13 பாகை, அதாவது 341 கி.மீ. இவ்விரண்டும் ஒரு செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள். இரண்டையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 405 கி.மீ. கிடைக்கும். எட்டாம் வகுப்பில் பிதாகரஸ் தேற்றம் எதற்கு என்று கேட்ட பிள்ளைகளுக்கு இதைக் காட்டலாம்.

இந்த முக்கோண முறை ஓராயிரம் கி.மீ. வரை தாராளமாகச் செல்லுபடியாகும். அதற்கு மேல் பூமியின் உருண்டை வடிவம் குறுக்கிடுவதால் கோள முக்கோண வாய்பாட்டைப் பயன்படுத்த வேண்டும்: இரு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்கி ஓர் எண்ணையும், இரு அட்சரேகைகளின் கொசைன் மதிப்புகளோடு தீர்க்கரேகை வேறுபாட்டின் கொசைனையும் பெருக்கி மற்றோர் எண்ணையும் எடுத்து, இரண்டையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகைக்கு எந்தக் கோணத்தின் கொசைன் பொருந்துகிறதோ அந்தக் கோணத்தை 111.2ஆல் பெருக்க வேண்டும். கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு இப்படிக் கணக்கிட்டால் 28.45 பாகை, அதாவது ஏறத்தாழ 3,160 கி.மீ. வருகிறது. சார்ஜாவுக்கு 2,770 கி.மீ. அளவில் வருகிறது.

படி 3: தூரத்திலிருந்து பறக்கும் நேரம்

பயணச்சீட்டில் அச்சிடும் நேரம் வானில் இருக்கும் நேரம் மட்டும் அன்று. விமானம் நின்ற இடத்தைவிட்டு நகரத் தொடங்கிய நொடியிலிருந்து, போய்ச் சேரும் ஊரில் நிறுத்தப்படும் நொடி வரை அதில் அடங்கும். ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வது, மேலே ஏறுவது, இறங்குவதற்காக வேகம் குறைப்பது ஆகிய எல்லாமே நேரம் தின்பவை. ஏர்பஸ் 320, போயிங் 737 வகை விமானங்கள் உயரத்தில் நிலையாகப் பறக்கும்போது மணிக்கு 830 கி.மீ. அளவில் செல்லும். நான் வைத்திருக்கும் எளிய கணக்கு இது: தூரத்தை 800ஆல் வகுத்து, அதனுடன் அரை மணி நேரம் கூட்டுங்கள்.

சென்னைக்கு 405ஐ 800ஆல் வகுத்தால் அரை மணி. கூட்டினால் ஒரு மணி நேரம். அட்டவணையில் அதைவிடப் பத்துப் பதினைந்து நிமிடம் கூடுதலாகவே போடுவார்கள், ஏனெனில் சென்னையில் இறங்க வரிசையில் காத்திருக்க நேரலாம். தில்லிக்கு இரண்டு மணி 26 நிமிடத்துடன் அரை மணி சேர்ந்து மூன்று மணிக்குச் சற்றுக் குறைவு. சிங்கப்பூருக்கு நாலரை மணிக்கு மூன்று நிமிடம் குறைவு. சார்ஜாவுக்கு நான்கு மணி நேரம். அட்டவணைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தக் கணக்கு கால் மணிக்கு மேல் தவறுவது அரிது. ஏடிஆர் போன்று இறக்கையில் காற்றாடி சுழலும் விமானமாக இருந்தால் 800க்குப் பதில் 500 என்று வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே வழித்தடத்தில் இரண்டு விமானங்களுக்கு வெவ்வேறு நேரம் காட்டினால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

குறைந்த தூரத்தில் வேகத்தால் அதிகப் பயன் இல்லை என்பதையும் இங்கே காணலாம். சென்னை விமானம் மேலே ஏறி முடித்த சிறிது நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிடுகிறது. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று மேற்கிலிருந்து வீசும். விமானம் காற்றை எதிர்த்துத்தான் கிளம்ப வேண்டும் என்பதால், அப்போது தென்மேற்கு நோக்கி எழும்பி, பிறகு சென்னை இருக்கும் வடகிழக்குத் திசைக்குத் திரும்ப வேண்டியிருக்கும். அந்தத் திருப்பத்துக்கும் சில நிமிடங்கள் கூடும்.

உயரத்தில் வீசும் காற்று இன்னொரு காரணி. குளிர்காலத்தில் வட இந்தியாவின் மேல் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் காற்றோட்டம் மணிக்கு 150 கி.மீ.யைத் தாண்டுவதுண்டு; தில்லியிலிருந்து கொல்கத்தா போவது விரைவாகவும் திரும்புவது மெதுவாகவும் அமைவது அதனால்தான். நாம் தில்லிக்குத் தெற்கு வடக்காகப் பறப்பதால், அது பக்கவாட்டுக் காற்றாகிவிடுகிறது. போகவும் வரவும் பெரிய வேறுபாடு இராது. தென்மேற்குப் பருவ மாதங்களிலோ நிலைமை வேறு. தென்னிந்தியாவின் மேல் மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு காற்றோட்டம் ஓடுகிறது. அதை 1950களில் விளக்கிக் காட்டியவர் இந்திய வானிலை அறிஞர் கோட்டேஸ்வரம். சிங்கப்பூர் நோக்கிச் செல்லும் விமானத்துக்கு அது எதிர்க்காற்று, திரும்புகிற விமானத்துக்கு அது தள்ளுகாற்று.

படி 4: கடிகாரக் கணக்கு

சென்ற ஆண்டு எங்கள் எதிர்வீட்டு அக்கா, சிங்கப்பூரில் இருக்கும் மகன் அனுப்பிய பயணச்சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து கேட்டார்: "ஏன் தம்பி, போறப்போ ஏழு மணி நேரம், வர்றப்போ ரெண்டு மணி நேரம்னு வருதே, திரும்பி வர்ற பிளைட்டு அவ்வளவு வேகமா?" அவர் புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் அப்படியே கழித்திருந்தார். இரண்டு நேரங்களும் அந்தந்த ஊர்க் கடிகாரத்தில் குறிக்கப்படுபவை. சிங்கப்பூர்க் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. இரவு 11.30க்குக் கோவையில் கிளம்பினால் நம் நேரப்படி விடியற்காலை 3.57க்கு இறங்குவோம், அங்கே அப்போது காலை 6.27. திரும்பும்போது அதே இரண்டரை மணி நேரம் நமக்கு மீண்டும் கிடைத்துவிடுகிறது. சார்ஜா நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பிந்தியது. அங்கே போகும்போதுதான் பயணம் குறுகியதாகத் தோன்றும்.

படி 5: மலையிறங்கும் கணக்கு

உதகைக்கும் கோவை விமான நிலையத்துக்கும் நேர்க்கோட்டில் 57 கி.மீ.தான். சாலையில் 90 கி.மீ.க்கு மேல். எங்கே போயிற்று அந்த மீதித் தூரம் என்றால், கொண்டை ஊசி வளைவுகளில். 2,240 மீட்டர் உயரத்திலிருந்து 400 மீட்டர் உயரத்துக்கு வண்டி நேராக இறங்க முடியாது. சரிவைப் பக்கவாட்டில் நீட்டி நீட்டித்தான் சாலை அமைக்க முடியும்.

என் கணக்கில் உதகையிலிருந்து குன்னூருக்கு 45 நிமிடம், குன்னூரிலிருந்து பர்லியார், கல்லார் வழியாக மேட்டுப்பாளையத்துக்கு 70 நிமிடம், அங்கிருந்து விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரம். ஆக மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் குறைவு. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் அந்த 70 நிமிடத்தில் விமானம் கோவையிலிருந்து சென்னைக்கே போய்ச் சேர்ந்துவிடும். கோத்தகிரி வழி சுமார் 10 கி.மீ. கூடுதல் என்றாலும், கோடை சீசனில் இறங்கும் வண்டிகளை அவ்வழியே திருப்பிவிடுவதுண்டு. ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் அதையே உங்கள் வழியாகக் கணக்கில் வையுங்கள். மேட்டுப்பாளையத்தை அடைந்ததும் காரமடை, பெரியநாயக்கன்பாளையம், துடியலூர் என்று நெரிசலில் நுழையாமல், அன்னூர்ச் சாலையில் திரும்பிக் கோவில்பாளையம், சரவணம்பட்டி, காளப்பட்டி வழியாகச் செல்வது சற்றுச் சுற்று என்றாலும் நேரத்தை முன்கூட்டிச் சொல்ல முடிகிற வழி. நான் எப்போதும் அதையே எடுக்கிறேன்.

இந்த மூன்று மணி நேரம் எதுவும் குறுக்கிடாத நாளுக்கு உரியது. ஒருமுறை அக்காள் மகனைத் தில்லி விமானத்துக்கு ஏற்றிவிடக் காலையில் கிளம்பினோம். பர்லியாருக்கு மேலே ஒரு வளைவில், மண்டிக்குக் கேரட் ஏற்றிச் சென்ற லாரி பின்சக்கரம் வெடித்துக் குறுக்கே நின்றுவிட்டது. மூட்டை ஒன்று கிழிந்து, கழுவிய கேரட்டுகள் ஈரம் காயாமல் தார்ச்சாலையில் உருண்டு கிடந்தன. குரங்குகள் தடுப்புச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தன. ஓட்டுநரும் இன்னும் நாலு பேரும் ஜாக்கியை முட்டுக்கொடுத்து நிறுத்தி முடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. விமான நிலையத்தில் கவுண்டர் மூடி ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது. அந்தப் பெண் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டியதோடு சரி. தவறு அவருடையது அன்று; கூடுதல் நேரம் வைக்காத என்னுடையது.

அன்றிலிருந்து சாதாரண நாளுக்கு முக்கால் மணி நேரமும், மழைக்காலத்துக்கும் சீசனுக்கும் ஒன்றரை மணி நேரமும் கூடுதலாக வைக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையின்போது மண்சரிவும் மரம் விழுவதும் இச்சாலையில் வழக்கமானவை. அந்த நாட்களில் அதிகாலை விமானம் என்றால் முந்தைய மாலையே இறங்கிக் கோவையில் தங்கிவிடுவது நல்லது. பலாப்பழக் காலத்தில் கல்லாருக்கும் பர்லியாருக்கும் நடுவே யானைகள் சாலைக்கு வருவதுண்டு. அவை நகரும் வரை விளக்கை அணைத்துக் காத்திருப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

காது அடைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் 8,000 அடி, அதாவது 2,440 மீட்டர் உயரத்து அழுத்தத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்கிறார்கள். உதகையின் உயரம் ஏறத்தாழ அதுவே. ஆகவே உதகைக்காரருக்கு வானில் கிடைப்பது கிட்டத்தட்ட வீட்டுக் காற்றுதான். காது அடைப்பது மலையிறங்கும்போது ஒருமுறை, விமானம் இறங்கும்போது மறுமுறை. சளி பிடித்திருக்கும் குழந்தையோடு போகிறவர்கள் வழியில் உள்ள காட்டேரி என்ற ஊரில் பத்து நிமிடம் நின்று போனால் குழந்தை அழாமல் வரும். அந்தப் பத்து நிமிடத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: பின்னோக்கிக் கணக்கிடுதல்

புறப்படும் நேரத்திலிருந்து வீட்டை நோக்கிப் பின்னோக்கி வர வேண்டும். தில்லி விமானம் காலை 11.20க்கு என்று வைத்துக்கொள்வோம். உள்நாட்டுப் பயணத்தில் பெரும்பாலான நிறுவனங்கள் ஒரு மணி நேரத்துக்கு முன்பே கவுண்டரை மூடிவிடுவதால் 10.20 என்பது கடைசி எல்லை. அங்கே 9.20க்கு நின்றால் நிம்மதி. சாலைக்கு மூன்று மணி, ஆகவே 6.20. கூடுதல் முக்கால் மணியைக் கழித்தால் 5.35. ஐந்தரை மணிக்கு வண்டி வாசலில் நிற்க வேண்டும், பெட்டி முந்தைய இரவே கட்டியிருக்க வேண்டும். வெளிநாட்டுப் பயணமானால் விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும் என்பதால், இதனுடன் இன்னும் ஒரு மணி நேரத்தைக் கழியுங்கள்.

மார்கழி, தை மாதங்களில் தில்லியில் மூடுபனி இறங்கிவிட்டால், அங்கிருந்து வர வேண்டிய விமானமே தாமதமாகும். அதே விமானம்தான் திரும்பவும் போகும். வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் உங்கள் விமானம் எங்கிருந்து வருகிறது, அங்கே கிளம்பிவிட்டதா என்று பார்த்துக்கொள்வது வீண் காத்திருப்பைத் தவிர்க்கும். ஆனால் தாமதம் என்று செய்தி வந்ததை நம்பி மலையிலேயே உட்கார்ந்திருக்காதீர்கள். அறிவித்த தாமதம் குறைந்துவிட்டால் நம்மால் வேகமாக இறங்க முடியாது.

முழுக் கணக்கையும் ஒருமுறை கூட்டிப் பார்த்தால்தான் விமானம் தேவையா என்பது விளங்கும். உதகையில் வீட்டிலிருந்து சென்னையில் ஓர் உறவினர் வீடு வரை: சாலையும் கூடுதல் நேரமும் சேர்ந்து மூன்றே முக்கால் மணி, விமான நிலையத்தில் இரண்டு மணி, பயணம் ஒன்றேகால் மணி, இறங்கி வெளியே வர அரை மணி, சென்னை நெரிசலில் ஒரு மணி. எட்டரை மணி நேரம் ஆகிறது, அதில் வானில் இருப்பது ஒரு மணிகூட இல்லை. மேட்டுப்பாளையத்தில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் ஏறத்தாழ ஒன்பது மணி நேரம்; ஆனால் அந்த நேரம் தூக்கத்தில் கழிகிறது. சென்னைக்கு நான் ரயிலையே சொல்வேன். தில்லிக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். ரயிலில் இரண்டு இரவுகள் போகும், விமானத்திலோ அதே நாள் மாலைக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.

படி 7: திரும்பி வருதல்

போவதற்குக் கணக்கிடுபவர்கள் வருவதற்குக் கணக்கிடுவதில்லை. கோவை டாக்ஸியில் மலையேறினால் அந்த வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறையில் உள்ளது. நீலகிரிப் பதிவெண் கொண்ட வண்டிகளுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஓட்டுநரிடம் இ-பாஸ் எடுத்தாகிவிட்டதா என்று விமானம் ஏறும் முன்பே கேட்டுவிட்டால் சோதனைச் சாவடியில் நிற்க வேண்டியிராது.

இரவு ஒன்பதரைக்கு இறங்குகிறவர் பெட்டியை வாங்கி வெளியே வர 10 மணி ஆகும். குன்னூருக்கு மேலே மேகம் இறங்கியிருந்தால் உதகையை அடையும்போது நள்ளிரவு தாண்டி 2 மணி ஆகிவிடும். அப்படி ஏறுவதைவிட மேட்டுப்பாளையத்தில் தங்கிக் காலை 7.10 மலைரயிலைப் பிடிக்கலாம் என்று சிலர் நினைப்பார்கள். 46 கி.மீ. ஏற அது ஐந்து மணி நேரம் எடுக்கும். சிங்கப்பூரிலிருந்து கோவைக்கு வந்த நேரத்தைவிட அது அரை மணி கூடுதல். முன்பதிவு இல்லாமல் இடம் கிடைப்பது அரிது, பெரிய பெட்டிகள் வைக்க இடமும் போதாது. இரண்டு பெட்டிக்கு மேல் இருந்தால் விடிந்ததும் பேருந்தில் ஏறிவிடுங்கள்.